கிரீன்லாந்து கயாக்: கோளாறு துடுப்பிலா, முழங்காலிலா?

கிரீன்லாந்தின் கலாலிட் மக்கள் சீல் வேட்டைக்காக உருவாக்கிய கயாக், அரை மீட்டர் அகலம்கூட இல்லாத ஒல்லியான படகு. அதோடு வரும் துடுப்பும் ஒல்லி. முதல் முறை பார்ப்பவர்கள் ‘இந்தக் குச்சியை வைத்து எப்படிப் போவது?’ என்றுதான் கேட்பார்கள். போகலாம், நாள் முழுக்கப் போகலாம். ஆனால் அகலத் துடுப்பில் பழகிய கை இதைப் பிடித்ததும் ஏதாவது ஒன்று சரியில்லாமல் போகும்: நடுங்கும், மூழ்கும், கயாக் தலைமேல் வந்து கவிழும்.

இப்படிக் கோளாறு வரும்போது நாம் துடுப்பையே முறைத்துப் பார்க்கிறோம். பெரும்பாலும் காரணம் அங்கே இருப்பதில்லை. முழங்காலிலோ தலையிலோ விரலிலோ இருக்கும். அதனால் கீழே அறிகுறியை வைத்தே பிரித்திருக்கிறேன். உங்களுக்கு வரும் தொல்லை எதுவோ அந்த இடத்துக்கு நேரே போய்விடலாம். அதற்கு முன் ஒரே ஒரு சோதனை.

துடுப்பு உங்கள் அளவுதானா?

கடையில் கிடைக்கும் பொது அளவுத் துடுப்பை வைத்துக்கொண்டு உடம்பைத் திருத்தப் பார்ப்பது வீண் வேலை. பழைய முறையில் துடுப்பை அளப்பது உடம்பை வைத்துத்தான். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் வரும் நீளம், அதோடு ஒரு முழம்: இதுதான் மொத்த நீளம். கைவீச்சு 165 செ.மீ., முழம் 45 செ.மீ. என்றால் துடுப்பு 210 செ.மீ. சுற்றில் இருக்கும். துடுப்பின் இரு முனையிலும் தண்ணீரை இழுக்கும் தட்டையான பகுதிதான் அலகு; இரண்டு அலகுக்கும் நடுவே இருக்கும் தண்டு ஏறத்தாழ தோள் அகலம். அலகின் அகலம் உங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அடங்க வேண்டும். 8 அல்லது 9 செ.மீ.க்கு மேல் போனால் பலருக்குப் பிடிபடாது.

இந்தக் கடைசி அளவு அலங்காரத்துக்கு இல்லை. இந்தத் துடுப்பின் முழு வித்தையும் அதை எந்த இடத்திலும் பிடிக்கலாம் என்பதில்தான் இருக்கிறது. அலகின் நுனி வரை கை வழுக்கிக்கொண்டு போக வேண்டும், போன இடத்தில் பிடிக்கவும் வேண்டும். கைக்குள் அடங்காத அலகு என்றால் பின்னால் சொல்லப்போகும் பாதி வைத்தியம் பலிக்காது.

இழுக்கும்போது அலகு சடசடவென நடுங்குகிறது

புதிதாக வருபவர்களின் முதல் புகார் இதுதான். தண்ணீருக்குள் அலகு இடமும் வலமும் ஆடுகிறது, தண்டு வழியாக அந்த நடுக்கம் கைக்கு வருகிறது. உடனே எல்லோரும் பிடியை இறுக்குவார்கள். இறுக்க இறுக்க நடுக்கம் கூடும்.

அலகைத் தண்ணீரில் செங்குத்தாக நிறுத்தி இழுப்பதால் வருவது இது. மேல் விளிம்பு படகின் முன்முனைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். கணக்குப் போட வேண்டாம். விரல் முட்டிகளை ஒரு சிறு அளவு முன்னால் உருட்டினாலே அந்தச் சாய்வு வந்துவிடும். சாய்ந்த அலகைப் பின்னோக்கி இழுத்தால் தண்ணீரின் அழுத்தம் அதைக் கீழேயும் கொஞ்சம் தள்ளும். அலகு தானாக முழுகி நிலைபெறும், நடுக்கம் நிற்கும்.

பிடியையும் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையம் போலத் தண்டைச் சுற்றியிருக்கட்டும். மற்ற மூன்று விரல்கள் அலகு தொடங்கும் இடத்தின்மேல் தளர்வாகக் கிடக்கட்டும். அந்த மூன்று விரல்களுக்கு அலகின் சாய்வு எப்போதும் தெரிந்துகொண்டே இருக்கும். கண்ணால் பார்த்துச் சரிசெய்யும் வேலை அப்புறம் இருக்காது.

சாய்வு அளவுக்கு மீறினாலும் தெரிந்துவிடும்: அலகு ஆழத்துக்கு ஓடும், படகு முன்னால் போகாது. அப்போது முட்டிகளைக் கொஞ்சம் பின்னால் விடுங்கள்.

ஒவ்வோர் இழுப்புக்கும் ‘களக்’ என்று குமிழி சத்தம்

அலகோடு காற்றும் உள்ளே போகிறது. முழுதாக முங்குவதற்கு முன்பே இழுக்கத் தொடங்கிவிட்டீர்கள். காலடிக்குப் பக்கத்தில் அலகை இறக்குங்கள், அது முழுக்க முங்கும்வரை ஒரு கணம் பொறுங்கள், அப்புறம் இழுங்கள். தொடக்கத்தில் மெதுவாகவும் போகப் போக அழுத்தமாகவும். சரியான இழுப்புக்குச் சத்தமே இருக்காது. பனிக்கட்டி மிதக்கும் நீரில் சீலின் பின்னால் போகும் வேட்டைக்காரனுக்குச் சத்தம் கேட்டால் அன்றைய சாப்பாடு போயிற்று. ஆகவே காதையே ஆசிரியராக வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீரைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது

அகலத் துடுப்பில் பழகியவர்களுக்கு முதல் சில நாள் இப்படித்தான் தோன்றும். கொஞ்சம் உண்மை, கொஞ்சம் பழக்கதோஷம். அகல அலகு முதல் தொடுகையிலேயே தண்ணீரைக் கவ்வும். ஒல்லி அலகு இழுப்பின் நடுவில்தான் கனக்கத் தொடங்கும். தொடக்கத்திலேயே பலத்தைக் கொட்டுகிறவருக்குப் பிடி வழுக்கியதுபோல இருக்கும்.

அலகு முழுவதும் தண்ணீருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி அலகு வெளியே இருந்தால் பாதி வேலைதான் நடக்கும். கையால் மட்டும் இழுக்காமல் இடுப்புக்கு மேல் உடம்பைத் திருப்புங்கள்; வலப்பக்கம் இழுக்கும்போது வலது கால், படகுக்குள் பாதம் ஊன்றும் பலகையை மிதிக்கட்டும். இடுப்பருகே வந்ததும் அலகைப் பக்கவாட்டில் வழுக்கி வெளியே எடுங்கள், பின்னால் வரை இழுத்துக்கொண்டு போக வேண்டாம்.

மணிக்கட்டு வலிக்கிறது, தோள் வலிக்கிறது

இரண்டும் வேறுவேறு நோய். மணிக்கட்டு வலித்தால் பிடி இறுக்கம். மேலே சொன்ன இரண்டு விரல் வளையத்துக்குத் திரும்புங்கள். இழுக்காத பக்கத்துக் கையை ஒவ்வொரு முறையும் திறந்து மூடுங்கள்.

தோள் வலித்தால் கை உயரமாகப் போகிறது என்று அர்த்தம். இந்தத் துடுப்பு தாழ்வாக ஓட வேண்டியது. மேல்கை மார்பு உயரத்தில் இருந்தால் போதும், முகத்துக்கு முன்னால் வரத் தேவையில்லை. முழங்கை விலாவை விட்டு ரொம்ப விலகாமல் இருக்கட்டும். வலி தொடர்ந்தால் துடுப்பைத் திருத்துவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கயாக் ஒரே பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கிறது

காற்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்கக் காற்றில் கயாக்கின் மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்புவது இயல்பு. துடுப்பு முழுவதையும் காற்று வரும் பக்கம் ஒரு சாண் நகர்த்திப் பிடியுங்கள். அந்தப் பக்கம் நெம்பு நீளம் கூடும், இழுப்பு வலுக்கும், மூக்கு திரும்பி வரும். அதே பக்கம் படகை லேசாகச் சாய்த்தால் இன்னும் உதவும். வேறு துடுப்பில் இது சிரமம்; இதில் கையை வழுக்கினால் முடிந்தது.

காற்றே இல்லாமல் திரும்பினால் நீங்கள் நேராக உட்காரவில்லை, அல்லது ஒரு கை பலம் கூடுதலாகப் போடுகிறது.

மடி நனைகிறது

நனையும். இந்தத் துடுப்பில் சொட்டுத் தடுக்கும் வளையம் கிடையாது, மாட்டினால் கை வழுக்க முடியாது. கலாலிட் வேட்டைக்காரர்கள் இதற்காகக் கவலைப்படவில்லை, ஏனென்றால் அவர்கள் போட்டது டுயிலிக்: தலைமூடி, சட்டை, உட்காரும் குழியை மூடும் விரிப்பு எல்லாம் ஒன்றாகத் தைத்த மேலாடை. அன்று சீல் தோல், இன்று பெரும்பாலும் நியோப்ரீன்.

சாயும்போது துடுப்பால் தாங்கப் பார்க்கிறேன், துடுப்பு மூழ்கிவிடுகிறது

இனி வருவதெல்லாம் பிரேஸ், அதாவது கவிழாமல் தாங்கும் வித்தை. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தண்ணீர் தரை இல்லை. அலகைப் படுக்கையாக வைத்து ஓங்கி அழுத்தினால் ஒரு கணம் தாங்கும், அடுத்த கணம் உள்ளே போகும். அந்த ஒரு கணத்துக்குள் இடுப்பு படகை நிமிர்த்திவிட்டால் பிழைத்தோம். நிமிர்த்தாமல் துடுப்பின்மேல் தொங்கினால் அது உங்களோடு சேர்ந்து மூழ்குவதில் ஆச்சரியமில்லை.

நீண்ட நேரம் தாங்க வேண்டுமென்றால் அலகு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதுதான் ஸ்கல்லிங். அலகைத் தண்ணீரின் மேல்மட்டத்தில் ஏறக்குறையப் படுக்கையாக வைத்து, முன்னும் பின்னுமாக வில் வடிவில் வருடுவது. எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையின் விளிம்பு சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும். கொத்தனார் சுவரில் கரணையால் பூசும்போது போகிற பக்கத்து விளிம்பைத் தூக்கி, திரும்பும்போது மறுவிளிம்பைத் தூக்குவாரே, அதே கைவேலை. விளிம்பு தாழ்ந்தால் அலகு கத்திபோலக் கீழே பாயும். துடுப்பு மூழ்குகிறது என்பவர்களில் பாதிப்பேருக்கு நடப்பது, திரும்பும் இடத்தில் மணிக்கட்டைச் சுழற்ற மறந்துபோவது. முன்னால் போகும்போது தாங்கும், பின்னால் வரும்போது முழுகும். உங்களுக்கு எந்தத் திசையில் முழுகுகிறது என்று கவனித்தாலே காரணம் கையில் கிடைத்துவிடும்.

விளிம்பை அதிகமாகத் தூக்குவதும் தவறுதான். அப்போது அலகு தண்ணீரைத் தள்ளும், தாங்காது. கை கனமாக இருக்கும், பலன் இருக்காது.

அடுத்து, நெம்பு நீளம். கையை வழுக்கி துடுப்பை நீட்டுங்கள். உள்பக்கக் கை ஓர் அலகின் நுனியைப் பிடித்து மார்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வெளிப்பக்கக் கை தண்டில். மறு அலகு தூரத்தில் போய்விடும், அதே அழுத்தத்துக்கு இரட்டிப்பாகத் தாங்கும்.

ஒரு எச்சரிக்கை. தாங்கும்போது கையைத் தோளுக்குப் பின்னால் போக விடாதீர்கள். கை நீட்டி, உயர்ந்து, பின்னால் போன நிலையில் ஓர் அலை துடுப்பை இழுத்தால் தோள் மூட்டு கழன்றுவிடும். முழங்கை மடங்கி, உடம்புக்கு முன்னால், தாழ்வாக இருக்கட்டும். துடுப்பு பின்னால் போக வேண்டுமானால் உடம்பையும் கூடவே திருப்புங்கள். பக்கவாட்டில் உடையும் அலை வந்தால் அலை வரும் பக்கமே சாய்ந்து அதன்மேல் தாங்குங்கள். மனம் மறுபக்கம் ஓடச் சொல்லும். ஓடினால் அலை உங்களைச் சுருட்டிவிடும்.

தண்ணீரில் படுத்தால் கயாக் என்மேல் கவிழ்கிறது

கிரீன்லாந்து முறையின் நடு உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். பேலன்ஸ் பிரேஸ் என்பார்கள்: கயாக்கிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்து, முதுகைத் தண்ணீரில் போட்டு, வானத்தைப் பார்த்தபடி அசையாமல் மிதப்பது. தெரிந்தவர் செய்யும்போது துடுப்பு சும்மா தண்ணீரில் கிடக்கும், சில நேரம் கையில்கூட இருக்காது. புதியவர் செய்தால் இரண்டு நொடியில் படகு புரண்டு மேலே வரும்.

வலப்பக்கம் படுப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் வலது முழங்கால் தண்ணீர்ப் பக்கம், இடது முழங்கால் வானத்துப் பக்கம். பழைய கயாக்கில் குழிக்கு முன்னால் வளைந்த ஒரு குறுக்குமரம் இருக்கும், பெயர் மாசிக். தொடை அதன் அடியில் இறுக்கமாகப் பொருந்தும். இப்போது வலது முழங்காலால் மாசிக்கைத் தூக்க வேண்டும். அப்படித் தூக்கினால் படகின் வலப்பக்கம் மேலே வரும், படகு தட்டையாகும், நீங்கள் மிதப்பீர்கள். பயத்தில் எல்லோரும் என்ன செய்கிறோம்? இடது முழங்காலை மடக்கிப் படகைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறோம். விழும்போது எதையாவது கட்டிப்பிடிக்கும் இயல்பு அது. அந்த இழுப்புதான் படகைத் தலைமேல் கொண்டுவருகிறது. துடுப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சோதிக்க எளிய வழி: இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் நிற்க, அவர் உங்கள் தலையையும் தோளையும் கையில் தாங்கட்டும். துடுப்பு வேண்டாம். படுத்தபடி இடது காலைத் துவளவிட்டு வலது முழங்காலை மட்டும் மேலே அழுத்துங்கள், விடுங்கள். படகு உங்கள் முழங்காலுக்குக் கீழ்ப்படிந்து எழுவதும் சாய்வதும் தெரியும். கால் இதைக் கற்றுக்கொள்ளும்வரை கையில் துடுப்பைக் கொடுக்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. துடுப்பு கையில் வந்தவுடன் கால் தூங்கிவிடும்.

முழங்கால் சரியாக இருந்தும் புரண்டால் தோளைப் பாருங்கள். வலத்தோள் மட்டும் நீரில் இருந்து இடத்தோள் வானத்தைப் பார்த்தால் மிதப்பு போதாது. இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் நீரில் படிய வேண்டும், அதற்கு இடுப்புக்கு மேல் நன்றாகத் திருகி முதுகை வளைக்க வேண்டும். தலையும் நீரில் கிடக்கட்டும், காது நனையட்டும். நாலைந்து கிலோ எடையுள்ள தலையை நீருக்கு மேலே தூக்கிப் பிடித்தால் அந்த எடை முழுவதும் உங்களைக் கீழே அமுக்கும். நீரில் விட்டால் நீர் சுமக்கும்.

உடம்பு அவ்வளவு வளையவில்லையா? டுயிலிக்குக்குள் கொஞ்சம் காற்றை விட்டுக்கொள்ளுங்கள், மிதப்பு கூடும். மிதவைச் சட்டையும் உதவும்; ஆனால் பருமனான சட்டை முதுகு வளைவதைத் தடுக்கும்.

படுக்க முடிகிறது, எழுந்து உட்கார முடியவில்லை

ஏனென்றால் எழுந்து உட்காரப் பார்க்கிறீர்கள். படுக்கையிலிருந்து எழும் பழக்கத்தில் தலைதான் முதலில் கிளம்பும். இங்கே தலை கடைசி. தண்ணீர்ப் பக்க முழங்காலைத் தூக்கிக்கொண்டே முதுகைப் பின்தளத்தின்மேல், அதாவது உட்காரும் குழிக்குப் பின்னால் உள்ள படகின் மேல்தளத்தின்மேல், வழுக்குங்கள். முதலில் படகு நிமிர வேண்டும், அப்புறம் இடுப்பு, முதுகு, தோள், எல்லாம் வந்தபிறகு தலை. வரும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். பார்வை துடுப்பைத் தேடிப் போனால் தலை தூக்கும்.

அப்படியும் முதுகு பின்தளத்துக்கு வரவில்லையென்றால் குற்றம் உங்கள்மேல் இல்லாமலும் இருக்கலாம். உயரமான முதுகுச் சாய்வு வைத்த இருக்கையும் உயரமான பின்தளமும் உள்ள சுற்றுலா கயாக்கில் பின்னால் படுக்கவே முடியாது. பழைய கயாக்குகளின் பின்தளம் தண்ணீரோடு ஒட்டியிருக்கும். சாய்வைக் கழற்றிவிட்டுத் தாழ்வான பட்டையை மாட்டிப் பாருங்கள். முழங்கால் தளர்வாக இருந்தால் தொடைக்கு மேலே நுரைத் துண்டை ஒட்டி மாசிக் போல ஆக்கிக்கொள்ளுங்கள்.

கிரீன்லாந்தில் ஆண்டுதோறும் நடக்கும் தேசியப் போட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட வகைக் கவிழ்ந்தெழுதல் பட்டியலில் உண்டு. துடுப்பால் தொடங்கி, நோர்சாக் என்னும் ஈட்டி எறியும் கட்டையால், வெறும் கையால், முழங்கையால், கையில் கல்லைப் பிடித்தபடி, கடைசியில் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு எழுவது வரை போகும். துடுப்பு தொலையலாம், கை ஈட்டிக் கயிற்றில் சிக்கலாம், அப்போதும் வீடு திரும்ப வேண்டும். அதற்காகப் பிறந்த வகைகள் இவை. படகை விட்டு இறங்கி நீந்துவது அந்தத் தண்ணீரில் ஒரு வழியே இல்லை. கை கட்டியவரும் எழுகிறார் என்றால் எழுப்புவது எது என்று புரியும்.

ஒரு பக்கம் வருகிறது, மறுபக்கம் வரவே இல்லை

எல்லோருக்கும் அப்படித்தான். வராத பக்கத்தில் மேலே சொன்ன முழங்கால் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள். ஒவ்வொரு பயிற்சியையும் வராத பக்கத்தில் தொடங்குவது இன்னொரு தந்திரம். களைத்த பிறகு அந்தப் பக்கம் போனால் தவறுகள்தான் பழகும்.

குளத்தில் வருகிறது, கடலில் வரவில்லை

வித்தை மறந்துபோகவில்லை, குளிர் மறக்கடிக்கிறது. சில பாகையே உள்ள தண்ணீர் முகத்தில் பட்டதும் மூச்சு தானாக உள்ளே இழுக்கும். அந்தக் கணம் நீங்கள் தலைகீழாக இருந்தால் மூச்சோடு தண்ணீரும் உள்ளே போகும். அவசரத்தில் தலை தூக்கும், தவறான முழங்கால் இழுக்கும், எல்லாம் பழையபடி.

நார்வேயிலோ கனடாவிலோ இருக்கும் நம்மவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: வெயில் அடிக்கும் நாளிலும் அங்கே கடல் சுடாது. காற்றுக்கு உடுத்தாமல் தண்ணீருக்கு உடுத்துங்கள். கிளம்புமுன் முகத்தையும் கழுத்தையும் அதே தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். மூக்குக் கிளிப் போட வெட்கப்பட வேண்டாம்.

கூட ஆள் இருப்பதும் பயிற்சியின் பகுதிதான். 1930-31இல் பிரிட்டிஷ் ஆய்வுப் பயணத்தோடு கிழக்குக் கிரீன்லாந்து போன ஜினோ வாட்கின்ஸ் அங்கிருந்தவர்களிடமே கயாக் ஓட்டவும் கவிழ்ந்து எழவும் கற்றவர். மறுபடி போனபோது, 1932 ஆகஸ்டில், தனியாகச் சீல் வேட்டைக்குப் புறப்பட்டார். அவருடைய கயாக் மிதந்தபடி கிடைத்தது, உடல் கிடைக்கவே இல்லை.

ஆகவே வரிசை இது: வெதுவெதுப்பான குளத்தில் துடுப்பில்லாமல் முழங்கால், அதே குளத்தில் பேலன்ஸ் பிரேஸ், ஸ்கல்லிங், அடுத்து குளிர்ந்த, அலையில்லாத, இடுப்பளவுத் தண்ணீரில் துணையோடு, கடலுக்குப் போடும் அதே உடையில், கடைசியாகச் சிறு அலையில், கரைக்கு அருகே, காற்று கரையை நோக்கி வீசும் நாளில். ஒரு படியில் இரு பக்கமும் தடுமாறாமல் வரும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம்.